செவித்திறன் ஆய்வுக்கு விலங்கு வாங்கும் முன்: புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உள்காது நோய்களையும் செவித்திறன் குறைபாட்டையும் விலங்குகளில் ஆராயப் போகிற முனைவர் பட்ட மாணவர்கள், காது மூக்கு தொண்டை மேற்படிப்பில் தீசிஸ் எழுதுபவர்கள், ஆடியாலஜி படிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் பக்கத்து லேபில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் பக்கம் இந்த வேலை செய்தவர்கள் குறைவு. கேட்க ஆளில்லாமல் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: விலங்கு கடைசியாகத்தான் வர வேண்டும். காகிதம், கருவி, மருந்து, ஆள் எல்லாம் தயாரான பிறகே கூண்டு உள்ளே வர வேண்டும். நீங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் விலங்குக்கு வயது ஏறுகிறது. வயது ஏற ஏற அதன் காதும் மாறிக்கொண்டே போகிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"காது கேளாமைக்கு மருந்து கண்டுபிடிப்பது" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. எந்தக் காரணத்தால் வந்த குறைபாடு, காதின் எந்தப் பகுதி, எதை அளந்து காட்டப் போகிறீர்கள் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் வந்துவிட வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினால் வெளி ஹேர் செல்கள் (உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள்) சாவதை ஒரு மூலிகைச் சாறு தடுக்கிறதா என்பது கேள்வி. இரைச்சலுக்குப் பிறகு செவி நரம்பின் இணைப்புகள் எவ்வளவு மிஞ்சுகின்றன என்பதும் கேள்விதான். இப்படி எழுதினாலே எந்த விலங்கு வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

2. விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது.

சுண்டெலி: மரபணு சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் பெரும்பாலும் இதுதான். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நம் ஊர் விலங்குக் கூடங்களில் எளிதில் கிடைக்கும் சி57 பிளாக் 6 வகைக்குக் கேட்ஹெரின் 23 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாற்றம் உண்டு. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உயர் அதிர்வெண்களில் கேட்கும் திறன் தானாகவே குறையத் தொடங்கும். நீங்கள் மருந்து கொடுத்துக் காதைக் கெடுத்தீர்களா, அது தானாகக் கெட்டதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. பால்ப்-சி வகைக்கும் இதே சிக்கல். டிபிஏ 2 வகை இன்னும் இளம் வயதிலேயே செவித்திறனை இழக்கிறது. காது ஆய்வுக்கு உலகம் முழுக்க நம்பும் வகை சிபிஏ. முதுமை வரை அதற்கு நன்றாகக் கேட்கும். விற்பனையாளரிடம் வாங்கும்போது வகையின் முழுப் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வெள்ளைச் சுண்டெலி", "ஸ்விஸ்" என்று மட்டும் பில்லில் இருந்தால் போதாது.

மரபணு ஆய்வுக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. நம் தென்னிந்தியாவில் சொந்தத்துக்குள் திருமணம் அதிகம். பிறவிச் செவிட்டுத்தன்மையில் கனெக்சின் 26 புரதத்துக்கான ஜிஜேபி2 மரபணுப் பிழை இங்கே முக்கியமான ஒன்று. அதையே சுண்டெலியில் செய்து பார்க்கலாம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் அந்த மரபணுவை முழுதாக நீக்கினால் சுண்டெலிக் கரு வயிற்றிலேயே இறந்துவிடும், ஏனென்றால் அதன் நஞ்சுக்கொடிக்கு அந்தப் புரதம் தேவை. உள்காதில் மட்டும் நீக்கும் தனி வகை வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) உரிமம், கால்நடை தனிமைப்படுத்தல் துறை அனுமதி, உங்கள் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் என்று தனி வரிசையே இருக்கிறது. மூன்று வருடப் படிப்பில் இதைத் தொடாதீர்கள்.

எலி: விஸ்டார், ஸ்ப்ரேக் டாலி வகைகள் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு, உடல் பெரிது என்பதால் ஊசி போடவும் எலக்ட்ரோடு வைக்கவும் வசதி. சிஸ்பிளாட்டின் ஆய்வுக்கு நல்ல தேர்வு.

கினிப்பன்றி: தீசிஸ் மாணவர்களுக்கு என் முதல் பரிந்துரை. ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸிலிருந்து 50 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கும். மனிதப் பேச்சொலியின் அதிர்வெண்கள் அதற்குள் அடக்கம். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக் குமிழைத் திறந்தால் காக்ளியா (உள்காதின் நத்தை வடிவக் கேட்கும் உறுப்பு) கண்முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், தேடவே வேண்டாம். தலைச்சுற்றலும் காது கேளாமையும் தரும் மெனியர் நோய் ஆய்வில் எண்டோலிம்ஃப் பையை (உள்காது நீர் போய்ச் சேரும் பை) அடைத்து உள்காதில் நீர்க்கோப்பை உண்டாக்கும் பழைய முறையும் கினிப்பன்றியில்தான் நிலைபெற்றது. இரண்டு எச்சரிக்கை. உணவில் வைட்டமின் சி தனியாகக் கொடுக்க வேண்டும், அதன் உடல் அதைத் தயாரிக்காது. பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் அதன் குடலுக்கு ஆகாது, செத்தே போகும்.

ஜீப்ரா மீன்: பணமும் இடமும் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி. ஐந்து நாள் குஞ்சின் உடலோரத்தில் இருக்கும் உணர்செல்கள் நம் ஹேர் செல்களைப் போலவே வேலை செய்யும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த நீரில் ஒரு மணி நேரம் விட்டால் அவை அழியும், இரண்டு மூன்று நாளில் மறுபடி முளைக்கும். ஒரே வாரத்தில் பல மருந்துகளைச் சோதித்துவிடலாம். ஆனால் மீனுக்குக் காக்ளியா கிடையாது. எனவே காக்ளியா பற்றிய முடிவு எதையும் மீனை வைத்துச் சொல்லக் கூடாது. கொளத்தூர் சந்தையில் அலங்கார மீனாக வாங்கி வந்து ஆய்வில் சேர்க்க வேண்டாம். எந்த வகை, என்ன மருந்து போட்டு வளர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதுச்சேரிக் கடலோர போர்வெல் தண்ணீரும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீரில் உப்பைக் கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாய், பூனை, குரங்கு பக்கம் போகவே வேண்டாம். சிறிய விலங்கில் கிடைக்கும் விடைக்குப் பெரிய விலங்கைப் பயன்படுத்துவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. பெரிய விலங்குக்கான அனுமதியை உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் கமிட்டி தர முடியாது, கோப்பு டெல்லிக்குப் போகும்.

3. அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

விலங்கின் செவித்திறனை அளக்க மூளைத்தண்டு மின்அலைப் பதிவு வேண்டும். ஆஸ்பத்திரியில் 'பெரா' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். "எங்கள் துறையில் பெரா மெஷின் இருக்கிறது, அதிலேயே எடுத்துவிடலாம்" என்று பலர் நம்பி இறங்குகிறார்கள். மனிதருக்கான அந்த மெஷினின் ஒலி பெரும்பாலும் 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சுண்டெலிக்குச் சிறப்பாகக் கேட்பதோ 16 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். சிஸ்பிளாட்டின் முதலில் தாக்குவதும் உயர் அதிர்வெண் பகுதியைத்தான். அந்த மெஷினில் எடுத்தால் பாதிப்பு நடந்திருந்தும் ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருக்கும்.

ஆஸ்பத்திரி மெஷின் மட்டுமே கைவசம் என்றால் கினிப்பன்றிக்குப் போங்கள், கேள்வியையும் கீழ் அதிர்வெண்களுக்கு ஏற்ப மாற்றுங்கள். திரையில் வரும் டெசிபல் எண் மனிதக் காதுக்கு அளவிட்டது என்பதையும் மறக்காதீர்கள். விலங்கின் காதருகே மைக்ரோஃபோன் வைத்து மறுபடி அளவிட்டாக வேண்டும்.

விலங்குக்கான தனிக் கருவி பல லட்சம். உங்கள் ஒரு தீசிஸுக்காக யாரும் வாங்கித் தர மாட்டார்கள். வேறு நிறுவனத்தில் இருந்தால் பயன்படுத்தச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். ஆனால் ஓர் இடத்தில் வளரும் விலங்கை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் அளப்பதென்றால் இரண்டு கமிட்டிகளுக்கும் அது தெரிய வேண்டும்.

4. பதிவுபெற்ற இடமாக இருக்க வேண்டும்

விலங்குக் கூடம், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏ என்ற மத்திய அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். பழைய ஆட்கள் சிபிசிஎஸ்இஏ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பதிவு எண்ணும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் உங்கள் கையில் இருக்கட்டும். பதிவு காலாவதியாகி, புதுப்பிக்க அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கூடங்கள் உண்டு. அந்த இடைவெளியில் உங்கள் விண்ணப்பத்தை யாரும் எடுக்க மாட்டார்கள்.

நம் பகுதியில் கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டில் பல்கலைக்கழகம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று விசாரிக்க இடங்கள் இருக்கின்றன. விலங்கு நலம், மயக்க மருந்து பற்றிய சந்தேகங்களுக்குக் குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். உங்கள் கல்லூரியில் கூடம் இல்லையென்றால், கூடம் இருக்கும் இடத்தில் ஓர் இணை வழிகாட்டியைப் பிடியுங்கள். வெறும் அனுமதிக் கடிதத்தை விட அது பலமானது.

5. ஃபார்ம் பி: கமிட்டி உண்மையில் எதைப் பார்க்கிறது

விலங்கு ஆய்வுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம்தான் ஃபார்ம் பி. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு, அதாவது ஐஏஇசி, கூடிப் பேசி ஒப்புதல் தந்த பிறகுதான் விலங்கு வாங்கலாம். சிறு விலங்குகளுக்கு இந்தக் கமிட்டியே போதும். கமிட்டியில் கால்நடை மருத்துவரும், வெளி நிறுவன விஞ்ஞானியும், விஞ்ஞானம் சாராத சமூக உறுப்பினர் ஒருவரும், மத்திய அமைப்பின் பிரதிநிதியும் இருப்பார்கள். பிரதிநிதிக்குத் தேதி கிடைத்தால்தான் கூட்டம். சில இடங்களில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒரு கூட்டம் தவறினால் ஒரு பருவமே போய்விடும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

- நிரப்பிய ஃபார்ம் பி, வழிகாட்டி கையெழுத்துடன்
- ஆராய்ச்சிக் குழு ஒப்புதல் கடிதம்
- விலங்கு விற்பவரின் பதிவு எண்ணும் கொட்டேஷனும்
- ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தேடிப் பார்த்த குறிப்பு, மாற்று முறை ஏன் போதாது என்ற விளக்கம்
- மருந்து, சாறு எதுவானாலும் அதன் நச்சுத்தன்மை விவரம்
- விலங்கைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று (எல்லாக் கமிட்டிகளும் கேட்பதில்லை, இருந்தால் நல்லது)

திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் சிக்கல். "குழுவுக்கு 6, ஏனென்றால் எல்லாரும் 6 எடுக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. எத்தனை டெசிபல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், முந்தைய ஆய்வுகளில் விலகல் எவ்வளவு என்று காட்டிக் கணக்குப் போடுங்கள். நான்கு குழு, குழுவுக்கு 8 என்றால் 32. மயக்கத்தில் இறப்பவை, காதில் சீழ் இருந்து விலக்கப்படுபவை ஆகியவற்றுக்காக இன்னும் 4 சேர்த்து 36 என்று காரணத்தோடு எழுதுங்கள். பிறகு கூடுதலாகக் கேட்டால் மறுபடி கமிட்டிதான். ஒரு விலங்கின் இரண்டு காதுகளை இரண்டு விலங்காகக் கணக்கில் சேர்க்கவும் கூடாது, புள்ளியியல் தெரிந்தவர் இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

அடுத்து, வேதனையைப் பற்றிய பகுதி. எந்த எடை இழப்பில் ஆய்வை நிறுத்துவீர்கள், தலை சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கினால் என்ன செய்வீர்கள், யார் தினமும் பார்ப்பார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். உள்காதைத் தொட்டால் சமநிலையும் கெடும். தண்ணீர்க் குழாய் வரை போக முடியாமல் தவிக்கும் விலங்கைக் கற்பனை செய்துகொண்டு இந்தப் பகுதியை எழுதுங்கள். அதற்குக் கூண்டின் தரையிலேயே ஈரமான தீனி வைக்க வேண்டும். கமிட்டிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் கேள்விக்காக ஓர் உயிரை எடுக்கிறோம், அதற்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் இது.

6. மயக்க மருந்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்

பெரா எடுக்கக் கீட்டமின், சைலசின் கலவைதான் வழக்கம். கீட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது, மருத்துவரின் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஸ்டாக் பதிவேடும் வேண்டும். கூடத்தின் கால்நடை மருத்துவர் வழியாக இன்டென்ட் (தேவைச் சீட்டு) போடுங்கள். விலங்கு வந்தாகிவிட்டது, கீட்டமின் வரவில்லை என்ற நிலை அடிக்கடி நடக்கிறது. ஐசோஃப்ளூரேன் வாயு இருக்கிறதே என்று பாதியில் மாறாதீர்கள். அது கேட்கும் வாசலையே (கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலி அளவை) உயர்த்திக் காட்டும், முதல் அளவும் அடுத்த அளவும் ஒப்பிட முடியாமல் போகும்.

கால்நடை மருத்துவரிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: உங்கள் கூண்டில் எந்த விலங்குக்குக் காய்ச்சல் வந்தாலும் ஜென்டாமைசின், அமிகாசின் போடக் கூடாது. அவையே காதைக் கெடுக்கும் மருந்துகள். கூண்டு அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

7. பணம்

விலங்கின் விலைதான் பட்ஜெட்டில் மிகச் சிறியது. ஓர் எலி சில நூறு ரூபாய், கினிப்பன்றி அதைவிடக் கூடுதல். செலவு வருவது வேறு இடங்களில். கூண்டுக்கு நாள் வாடகை பல கூடங்களில் உண்டு, ஆய்வு இரண்டு மாதம் நீண்டால் அது விலங்கின் விலையைத் தாண்டும். ஹேர் செல்லையும் நரம்பு இணைப்பையும் நிறமேற்றும் ஆன்டிபாடி ஒவ்வொன்றும் பல ஆயிரம், இறக்குமதி, வந்து சேர வாரக்கணக்கு. ஜிஎஸ்டியைச் சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள். செத்த விலங்குகளையும் சிஸ்பிளாட்டின் கலந்த கழிவையும் மஞ்சள் பையில் மருத்துவக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. காலண்டரைப் பார்த்து வரவழையுங்கள்

பதிவுபெற்ற வளர்ப்பகத்திலிருந்து மட்டும் வாங்கலாம். மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஐசிஎம்ஆர் விலங்கு வள மையம், பெங்களூர்த் தனியார் வளர்ப்பகங்கள் என்று விசாரியுங்கள். ஈசிஆர் வழியாகப் பகல் வெயிலில் கொண்டுவர வேண்டாம், அதுவும் ஏப்ரல், மே என்றால் குளிரூட்டிய வண்டியில் விடிகாலைக்குள் வந்து சேரட்டும். வந்ததும் ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை தனிமைப்படுத்தல். இந்த நாட்களையும் விலங்கின் வயதில் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு வார வயதில் வேலை தொடங்க வேண்டுமென்றால் ஐந்து வாரக் குட்டியாக ஆர்டர் கொடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊருக்குச் சரிப்படாது. தீபாவளி வாரத்தில் கூடத்தின் சுவரோரம் வெடிக்கும் வெடி, செவித்திறன் ஆய்வில் காதைக் கெடுக்கும் மருந்து கொடுத்ததற்குச் சமம். அடுத்து புயல். 2011 தானேவும் 2024 ஃபெஞ்சலும் வந்தபோது நம் பக்கம் கரண்ட் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ஏசியும் வென்டிலேஷனும் நின்றால் விலங்கு தாங்காது. ஜெனரேட்டர் இருந்தால் அது எங்கே ஓடுகிறது, அதன் இரைச்சல் கூண்டு அறைக்குள் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். என் கணக்கில் ஜனவரியில் விலங்கு வந்து பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்குவது நல்லது. அப்படியென்றால் கமிட்டிக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே போக வேண்டும்.

9. முதல் அளவு எடுக்கும் நாள்

ஒவ்வொரு விலங்கின் காதுக்குள்ளும் ஓட்டோஸ்கோப் வைத்துப் பாருங்கள். செவிப்பறை மங்கலாக இருந்தால், பின்னால் சீழ் தெரிந்தால், அந்த விலங்கை விலக்குங்கள். கினிப்பன்றியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து ஒருமுறை சொடக்குப் போட்டால் காது மடல் சட்டென்று துடிக்கும். கேட்கிறதா இல்லையா என்று சொல்ல அது போதும், எவ்வளவு கேட்கிறது என்று சொல்லப் போதாது.

மயக்கம் ஏறியதும் உடல் சூடு வேகமாக இறங்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் அன்றைய பதிவு முழுக்க வீண், குளிர்ந்த உடலில் அலைகள் தாமதமாக வரும். சூடு தரும் பாயில் படுக்க வைத்து, குத வெப்பமானியைப் பார்த்து 37 டிகிரிக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கண் காய்ந்துபோகாமல் களிம்பு போடுங்கள். உச்சந்தலையில் ஒரு ஊசி, காதுக்குப் பின்னால் ஒரு ஊசி, உடம்பில் எர்த் ஒன்று. ஒலியை உச்சத்திலிருந்து ஐந்து ஐந்து டெசிபலாகக் குறைத்து வாருங்கள். அலை தெரியும் கடைசி அளவுதான் வாசல். அந்த அலையைப் படித்துச் சொல்பவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. பக்கத்து அறை ஏசி, ட்யூப்லைட், செல்போன் சார்ஜர் எல்லாம் பதிவில் புகும், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்காருங்கள்.

10. காதைக் கெடுக்கும் கட்டம்

இரைச்சல் முறைக்கு 8 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் 100 டெசிபல், இரண்டு மணி நேரம் என்பது சிபிஏ சுண்டெலியில் நிலைபெற்ற அளவு. 2009 இல் குஜாவாவும் லிபர்மேனும் வெளியிட்ட ஆய்வு அது. வாசல் சில வாரத்தில் பழையபடி திரும்பிவிட்டது, நரம்பு இணைப்புகளில் பாதியளவு மட்டும் திரும்பவே இல்லை. எனவே வாசலோடு நிறுத்தாமல் பெராவில் தெரியும் முதல் அலையின் உயரத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த நாளும் இரண்டு வாரம் கழித்தும் அளந்தால்தான் தற்காலிகப் பாதிப்பையும் நிரந்தரப் பாதிப்பையும் பிரிக்கலாம். ஒவ்வொரு விலங்கையும் தனித்தனிக் கம்பிக் கூண்டில் வையுங்கள். சேர்த்து வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காதை மறைத்துக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள், சுண்டெலிக்கு இரவு இரைச்சல் பகல் இரைச்சலை விட அதிகம் கெடுக்கும்.

சிஸ்பிளாட்டினில் காதுக்கு முன் சிறுநீரகம் போய்விடும். ஒரே பெரிய டோஸில் விலங்குகள் இறந்து, மிஞ்சியவற்றை வைத்து முடிவு எழுதுவது வழக்கமாகிவிட்டது. சுண்டெலியில் நான்கு நாள் சிறு டோஸ், பத்து நாள் ஓய்வு என்று மூன்று சுற்று, மொத்தம் 42 நாள் போகும் முறை இதைவிட மேல். தினமும் தோலடியில் சலைன் கொடுத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. யார் வருவது என்று முன்பே பெயர் போட்டு ஒட்டிவிடுங்கள். அமினோகிளைகோசைடு (ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்) முறை என்றால் வளர்ந்த சுண்டெலிக்குக் கனமைசின் மட்டும் கொடுத்துப் பெரிதாக ஒன்றும் நடக்காது, சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வெளி ஹேர் செல்கள் அழியும்.

11. காக்ளியாவை எடுத்த பிறகு

ஃபார்மால்டிஹைடில் வைத்து, பிறகு ஈடிடிஏ கரைசலில் எலும்பைக் கரைக்க வேண்டும். சுண்டெலிக்குச் சில நாள், எலிக்கு ஓரிரு வாரம், கினிப்பன்றிக்கு அதற்கு மேலும் ஆகும். ஆஸ்பத்திரி பேத்தாலஜியில் கொடுத்தால் அவசரத்துக்கு அமிலத்தில் போட்டுவிடுவார்கள், பிறகு ஆன்டிபாடி ஒட்டாது. "ஈடிடிஏ மட்டும்" என்று பாட்டிலின் மேலேயே எழுதிக் கொடுங்கள். மெல்லிய ஊசியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் தயார். வலது, இடது, விலங்கு எண் மூன்றையும் பென்சிலால் எழுதிய காகிதத்துண்டைப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். வெளி லேபிளில் பேனா மை ஆல்கஹால் பட்டதும் அழிந்துவிடும்.

ஒவ்வொரு விலங்கும் என்ன ஆனது என்பதை அன்றன்றே ஃபார்ம் டி பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் கமிட்டிக்கு நிறைவு அறிக்கை கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரை அனுப்பும்போது இதழ்கள் ஒப்புதல் எண்ணையும் தேதியையும் கேட்கும். அந்த ஒப்புதல் கடிதத்தை ஸ்கேன் எடுத்து மெயிலில் வைத்திருங்கள், வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டால் அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடுவது சாமானியப்பட்ட வேலை இல்லை.